கடிப்பது தாடை, அறுப்பது கழுத்து: கொமோடோ உடும்பின் தலை, கழுத்துத் தசைகள் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

இந்தோனேசியாவின் கொமோடோ, ரின்சா, புளோரஸ் முதலிய தீவுகளில் வாழும் கொமோடோ உடும்புதான் இன்று உயிரோடிருக்கும் பல்லியினங்களிலேயே பெரியது. நன்கு வளர்ந்த ஆண் 3 மீட்டர் நீளத்தை எட்டக்கூடும். எடை 70 கிலோ வரை போகும். திமோர் மானையும் காட்டுப்பன்றியையும் வீழ்த்தும்; நீரெருமையைக்கூட விட்டுவைப்பதில்லை. இப்படிப்பட்ட வேட்டை விலங்கின் கடி எவ்வளவு வலுவாக இருக்கும் என்று கேட்டால், பெரும்பாலோர் முதலையைத்தான் நினைப்பார்கள். ஆனால் அதன் மண்டையோட்டைக் கணினியில் மாதிரியாக்கிக் கணக்கிட்ட ஓர் ஆய்வில் கிடைத்த விடை 39 நியூட்டன். ஏறக்குறைய நான்கு கிலோ எடையைத் தூக்கத் தேவைப்படும் விசை அது. வளர்ந்த மனிதர் கடைவாய்ப் பற்களால் அழுத்திக் கடித்தால் அதைப்போலப் பல மடங்கு விசை வரும்.

பிறகு மானின் தொடைச்சதையைக் கிழித்தெடுப்பது எது? இந்தக் கேள்விக்குப் பல ஆண்டுகள் வாயிலுள்ள கிருமிகளை விடையாகச் சொன்னார்கள். அதன் பிறகு நஞ்சைச் சொன்னார்கள். இரண்டும் செய்தித்தாள்களில் பெரிதாக இடம் பிடித்தன. தசைகளைப் பற்றிய ஆய்வுகள் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. என் பார்வையில் இந்த விலங்கைப் புரிந்துகொள்ளும் சாவி அங்கேதான் இருக்கிறது. தாடைத் தசைகளை மட்டும் எடை போட்டு, கழுத்துத் தசைகளை ஓரத்தில் ஒதுக்கினால் கொமோடோ உடும்பின் தலை ஒருநாளும் புரியாது.

தீவிலிருந்து ஆய்வுக்கூடம் வரை

1910-இல் டச்சுக் காலனி அரசின் படை அதிகாரி வான் ஸ்டெய்ன் வான் ஹென்ஸ்புரூக், 'தரை முதலை' ஒன்று இருப்பதாக உலவிய பேச்சைக் கேட்டு கொமோடோ தீவுக்குச் சென்றார். அவர் அனுப்பிய தோலையும் படத்தையும் கொண்டு, ஜாவாவில் விலங்கியல் அருங்காட்சியகத்தை நடத்திவந்த பீட்டர் ஓவன்ஸ் 1912-இல் இந்த இனத்தை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். வால்டர் ஆஃபன்பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1969-70-இல் குடும்பத்தோடு அந்தத் தீவிலேயே தங்கி, அவை எப்படிப் பதுங்குகின்றன, எப்படிக் கடிக்கின்றன, எப்படித் தின்கின்றன என்று பொறுமையாகக் குறித்து வைத்தார். 1980-இல் தேசியப் பூங்கா வந்தது. 1991-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தது. 2021-இல் அருகிவரும் இனங்களின் பட்டியலில் இதன் நிலை மேலும் மோசமானதாக மாற்றப்பட்டது.

ஆஃபன்பெர்க்கின் குறிப்புகளில் இந்த ஆய்வுக்குத் தேவையான ஒரு விஷயம் இருக்கிறது. உடும்பு இரையைக் கடித்துப் பிடித்தபடி நின்றுவிடுவதில்லை. பற்கள் பதிந்த கையோடு தலையையும் உடலையும் பின்னுக்கு இழுக்கிறது. கடியும் இழுப்பும் ஒரே செயலின் இரு பகுதிகளாக நடக்கின்றன. அவர் கண்ணால் கண்டதை எண்களாக்க இன்னும் நாற்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

தோலை நீக்கினால்

வளர்ந்த கொமோடோ உடும்பின் தலைத் தோலை உரிப்பது எளிதல்ல. செதில்களுக்கு அடியில், தோலுக்குள்ளேயே ஆயிரக்கணக்கான சிறு எலும்புத் துண்டுகள் புதைந்திருக்கின்றன. டெக்சஸ் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2019-இல் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, வயதான விலங்கின் தலையில் இந்த எலும்புகள் நான்கு வெவ்வேறு வடிவங்களில் நெருக்கமாகப் பின்னியிருப்பது தெரிந்தது. கண், மூக்குத்துளை, வாய் விளிம்பு, உச்சந்தலையில் ஒளியை உணரும் 'மூன்றாம் கண்' ஆகியவற்றைச் சுற்றி மட்டுமே இடைவெளி இருந்தது. அதே ஆய்வில் பார்த்த குட்டியின் தலையில் இந்தக் கவசம் கிடையாது. ஆகவே பெரிய விலங்குகள் இதை முதன்மையாகத் தம் இனத்தாரின் பற்களிடமிருந்து தப்பவே அணிந்திருக்கின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

கவசத்தை நீக்கியதும் தொண்டையையும் கழுத்தின் பக்கங்களையும் சுற்றி மெல்லிய தசைப் படலம் ஒன்று தெரியும். கழுத்தைச் சுற்றி இறுக்கும் இந்தத் தசைக்கு முக நரம்பு, அதாவது ஏழாம் தலைநரம்பு, கட்டளை தருகிறது. நமக்கு முகபாவனை காட்டும் தசைகளை இயக்குவதும் இதே நரம்புதான். பல்லிக்கு முகபாவனை கிடையாது. அதன் முகத்தோல் எலும்போடு ஒட்டிக் கிடக்கிறது. அங்கே ஏழாம் நரம்பு பார்க்கும் முக்கிய வேலைகள் இரண்டு: இந்தப் படலத்தை இறுக்குவது, வாயைத் திறப்பது.

வாயைத் திறக்கும் தசை மண்டையோட்டின் பின்புறத்திலிருந்து கிளம்பி, கீழ்த்தாடை மூட்டுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பு முனையில் வந்து ஒட்டுகிறது. அந்த முனையை மேலே இழுத்தால் மூட்டுக்கு முன்னாலுள்ள தாடை முழுவதும் கீழே இறங்கும். நமக்கு வாய் திறப்பது தாடையின் முன்பக்கத்துக்கு அடியிலுள்ள தசைகளால்; பல்லிக்குப் பின்பக்கத் தசையால். அதனால்தான் உடும்பு வாயைத் திறக்கும்போது காதுத்துளைக்குப் பின்னால் ஒரு புடைப்பு அசைவதைக் காணலாம்.

வாயை மூடும் தசைகள்

மூடும் தசைகள் ஒரு தொகுதி. இவை அனைத்துக்கும் ஐந்தாம் தலைநரம்பான முக்கிளை நரம்பு கட்டளையிடுகிறது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கும் இந்தத் தசைகளில் எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று கத்தியால் பிரித்துச் சொல்வது பழகிய கைக்கே சிரமம். இந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர்கள் அலெக்சாண்டர் லூதரும் டாகே லாக்யரும். முறையே 1914-இலும் 1926-இலும் வெளிவந்த அவர்களின் ஆய்வுகள், தசையின் வடிவத்தை நம்பாமல் நரம்பின் கிளைகளை எல்லைக்கற்களாகக் கொண்டன. முக்கிளை நரம்பின் மேல்தாடைக் கிளைக்கும் கீழ்த்தாடைக் கிளைக்கும் வெளிப்புறம் கிடப்பது வெளி மூடுதசை. உட்புறம் கிடப்பது உள் மூடுதசை. கீழ்த்தாடைக் கிளைக்குப் பின்னால் கிடப்பது பின் மூடுதசை. நூறாண்டு கழிந்தும் ஊர்வனவற்றின் தாடையை அறுத்துப் பார்ப்பவர்கள் இந்த எல்லைகளையே பின்பற்றுகிறார்கள்.

வெளி மூடுதசை மூன்று அடுக்காகப் பிரிகிறது: மேலடுக்கு, நடுவடுக்கு, ஆழடுக்கு. கண்ணுக்குப் பின்னால் மண்டையோட்டில் இருக்கும் பெரிய திறப்பின் ஓரங்களிலிருந்து இவை இறங்குகின்றன. நடுவே தகடு போன்ற உறுதியான தசைநாண் ஒன்று உண்டு. அது கீழ்த்தாடையின் மேல்விளிம்பில் எழும்பி நிற்கும் எலும்பு முனையில் பொருந்தியிருக்கிறது. தசை நார்கள் பலவும் எலும்பைத் தேடிப் போகாமல் சாய்வாக இந்தத் தகட்டிலேயே வந்து சேர்கின்றன. இப்படிச் சாய்வாக அடுக்கினால் சிறிய இடத்தில் அதிக நார்களைத் திணிக்க முடியும்; விசை கூடும்.

உள் மூடுதசையில் கவனிக்க வேண்டியது சிறகெலும்புத் தசை. வாயின் மேற்கூரையிலுள்ள சிறகெலும்பில் தொடங்கிப் பின்னோக்கி ஓடி, கீழ்த்தாடையின் பின்முனையைக் கீழிருந்து சுற்றி அணைத்துக்கொள்கிறது. பல்லிகளின் கன்னம் புடைத்துத் தெரிவதில் இந்தத் தசைக்குப் பெரும் பங்கு உண்டு. தென் அமெரிக்காவின் தேகு என்ற பெரும்பல்லியில் ஆணுக்கு இது பெண்ணைவிடப் பருத்திருக்கும். நம் வேலியோரத்து ஓணானிலும் வளர்ந்த ஆணின் கன்னங்கள் உப்பியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

கொமோடோ உடும்பின் தலை இந்த வகையில் ஏமாற்றம் அளிக்கும். தாடைத் தசைகளுக்கான இடம் தலையின் நீளத்தோடு பார்த்தால் குறைவு. மூக்கு நீண்டது, பற்களின் முன்வரிசை தாடை மூட்டிலிருந்து வெகுதூரத்தில் இருக்கிறது. தசை ஒட்டும் இடமோ மூட்டுக்கு அருகில். நெம்புகோல் கணக்குப்படி இப்படிப்பட்ட தாடை வேகமாக மூடும். ஆனால் முன்பற்களுக்குக் கிடைக்கும் விசை மிகவும் குறைந்துவிடும்.

அசையும் மண்டையோடு

நம் மண்டையோட்டில் கீழ்த்தாடை ஒன்றுதான் அசையும். உடும்பின் மண்டையோட்டில் அசையும் மூட்டுகள் பல. கீழ்த்தாடை தொங்கும் சதுர எலும்பு, பல்லிகளில் அடிப்பக்கம் எலும்புப் பாலம் எதுவும் இல்லாததால் முன்னும் பின்னும் ஊசலாடும். நெற்றியெலும்புக்கும் உச்சியெலும்புக்கும் இடையில் ஒரு மடிப்பு மூட்டு இருப்பதால் மூக்குப் பகுதி முழுவதும் சற்றே மேலும் கீழும் அசையும். கீழ்த்தாடையின் நடுவிலும் ஒரு மூட்டு உண்டு. மூக்குப் பகுதியின் அசைவு உண்மையா, இறந்த விலங்கின் தளர்ந்த எலும்புகளில் மட்டும் தெரியும் தோற்றமா என்ற வாதம் நெடுநாள் நடந்தது. 1985-இல் கேத்லீன் ஸ்மித்தும் வில்லியம் ஹைலாண்டரும் ஆப்பிரிக்கச் சவன்னா உடும்பின் மண்டையோட்டில் எலும்பின் நுண்ணிய வளைவையும் அளக்கும் விகார அளவிகளைப் பொருத்தி, உயிருள்ள விலங்கிலும் அந்த அசைவு நடப்பதைக் காட்டினார்கள்.

இதற்கெனத் தனித் தசைகளும் இருக்கின்றன. மூளைப்பெட்டியிலிருந்து சிறகெலும்புக்கு ஓடும் இரு சிறு தசைகள் அந்த எலும்பை மேலேயும் முன்னேயும் இழுத்து மூக்கை உயர்த்துகின்றன. சிறகெலும்புத் தசை அதையே பின்னுக்கு இழுத்து மூக்கைத் தாழ்த்துகிறது. அதாவது கடிக்கும் தசையே மேல்தாடையையும் இரையின்மீது அமர்த்துகிறது. இவ்வளவு மூட்டுகளோடு மெலிந்த எலும்புச் சட்டங்களால் ஆன மண்டையோடு, எலும்பை நொறுக்கும் வேலைக்கு உகந்ததல்ல.

நாக்கு ஒதுங்கிக்கொண்டதால்

ஓணானும் பச்சோந்தியும் நாக்கால் இரையை எடுத்து, நாக்காலேயே தொண்டைக்குள் தள்ளும். உடும்பின் நாக்கு அந்த வேலையை விட்டுவிட்டது. நீண்டு, மெலிந்து, நுனி பிளந்து, காற்றில் மணம் துழாவுவதற்கே அது ஒதுக்கப்பட்டுவிட்டது. பன்னிரண்டாம் தலைநரம்பு இயக்கும் நாக்குத் தசைகளும், தொண்டையில் நாவடி எலும்பை முன்னும் பின்னும் இழுக்கும் தசைகளும் நாக்கை வெகுதூரம் நீட்டி உள்ளிழுக்கும்படி அமைந்திருக்கின்றன.

அப்படியானால் வாயில் பிடித்த இறைச்சியை உள்ளே தள்ளுவது யார்? இங்கேயும் கழுத்துதான் முன்னால் வருகிறது. உடும்பு தலையைச் சட்டென்று மேலேயும் பின்னேயும் உதறி, பிடியை ஒரு கணம் தளர்த்தி, உடனே தலையை முன்னே தள்ளுகிறது. இறைச்சி தன் நிலைமத்தால் நகராமல் நிற்க, தாடை அதைத் தாண்டி முன்னேறி மறுபடி கவ்வுகிறது. இப்படிச் சில உதறல்களில் பெரிய துண்டு தொண்டைக்குப் போய்விடும். பிறகு தொண்டைத் தசைகளும் நாவடி எலும்பும் அதை அழுத்தி இறக்குகின்றன. ஸ்மித் 1986-இல் உடும்பின் நாக்கையும் நாவடி எலும்பையும் பற்றி எழுதிய ஆய்வு இந்த அமைப்பை விரிவாக விளக்குகிறது. உதறலுக்கு அடங்காத பெரிய துண்டு வாய்த்தால், கொமோடோ உடும்பு அதை மரத்தில் முட்டித் தொண்டைக்குள் திணிப்பதையும் பார்த்திருக்கிறார்கள்.

தொண்டைத் தசைகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. பல்லி ஓடும்போது உடல் பக்கவாட்டில் நெளிகிறது. நெளிய வைக்கும் விலாத் தசைகளே மூச்சிழுக்கவும் வேண்டியிருப்பதால், வேகமாக ஓடும்போது மூச்சு தடைப்படுகிறது. டேவிட் கேரியர் 1987-இல் இந்த இடர்ப்பாட்டை எடுத்துக்காட்டினார். உடும்புகள் மட்டும் எப்படி மற்றப் பல்லிகளுக்கு இல்லாத தாக்குப்பிடிப்போடு ஓடுகின்றன? 1999-இல் தோமஸ் ஒவெர்கோவிச்சும் அவருடைய சகாக்களும் சவன்னா உடும்பை ஓடவிட்டு எக்ஸ்-ரே படம் எடுத்தபோது விடை தெரிந்தது: தொண்டையை விரித்துக் காற்றை நிரப்பி, பிறகு அழுத்தி நுரையீரலுக்குள் தள்ளுகிறது. இந்தத் தொண்டைப் பம்பை நிறுத்தியபோது ஓட்டத்தில் அதன் மூச்சும் தடைப்பட்டது. இரையை விழுங்க உதவும் அதே தசைகள் ஓட்டத்தில் மூச்சுக்கும் துணை நிற்கின்றன.

கழுத்து

பெரும்பாலான பல்லிகளுக்குக் கழுத்து முள்ளெலும்புகள் எட்டு. உடும்புகளுக்கு ஒன்பது. நம் ஊர் உடும்பும் கொமோடோ உடும்பும் ஒரே பேரினம்; இந்த எண்ணிக்கை இரண்டுக்கும் பொது. (நம் உடும்பு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, ஆர்வத்தில் பிடித்துப் பார்க்க நினைப்பவர்கள் இதை மனதில் வைக்கவும்.) ஒவ்வொரு முள்ளெலும்பும் முன்புறம் குழிந்தும் பின்புறம் குமிழாகவும் இருக்கும், ஒன்றின் குமிழ் அடுத்ததன் குழிக்குள் பொருந்துகிறது. எல்லாத் திசையிலும் வளையக்கூடிய, ஆனால் இழுத்தால் நழுவாத கோவை அது.

மேலடுக்கில் இரண்டு பெரிய தசைகள். ஒன்று பிடரியிலிருந்து தோள்பட்டைக்கு விரியும் சரிவகத் தசை. மற்றது மார்பெலும்புக்கு மேலுள்ள எலும்பிலிருந்து கிளம்பி, கழுத்தின் பக்கமாகச் சாய்வாக ஏறி, மண்டையோட்டின் பின்மூலையில் ஒட்டும் பட்டைத் தசை. நம் கழுத்தில் தலையைத் திருப்பும்போது வடம்போல் புடைக்கும் தசையும் இதுவும் ஒரே வழியில் வந்தவை. உடும்பில் இருபுறமும் சேர்ந்து சுருங்கினால் தலை மார்பை நோக்கிக் கீழே இழுபடும். ஒருபுறம் மட்டும் சுருங்கினால் தலை சுழலும்.

இவற்றுக்கு அடியில் முதுகெலும்பின் மேல்பக்கம் மூன்று நெடுந்தசைத் தொகுதிகள் முதுகிலிருந்து தொடர்ச்சியாக வந்து தலையில் முடிகின்றன. நடுக்கோட்டை ஒட்டியது மண்டையோட்டின் பின்விளிம்பில் ஒட்டித் தலையை நிமிர்த்துகிறது. அடுத்தது பின்மண்டையிலிருந்து பக்கவாட்டில் கொம்புபோல் நீளும் எலும்பில் ஒட்டுகிறது. அந்த நீட்சி நடு அச்சிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அவ்வளவுக்குத் தலையைப் பக்கவாட்டில் வளைக்கும் நெம்புகோல் நீளும். வெளிப்புறத் தொகுதி விலாவெலும்புகளோடு சேர்ந்து ஓடுகிறது. இரண்டாம் கழுத்தெலும்பின் மேல்தகட்டிலிருந்து அதே பக்க நீட்சிக்குச் சாய்வாக ஓடும் தடித்த தசை ஒன்றும் உண்டு. தலையைச் சுழற்றுவதில் அதற்குப் பங்கு இருக்கிறது.

முள்ளெலும்புகளின் கீழ்ப்பக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. உடும்பின் கழுத்தெலும்புகளின் அடியில் துருத்தி நிற்கும் முனைகள் இருக்கின்றன. அவற்றில் தொடங்கும் தசைகள் மண்டையோட்டின் அடித்தளத்திலுள்ள புடைப்புகளில் போய் முடிகின்றன. தலையைக் கீழ்நோக்கியும் உள்நோக்கியும் வளைப்பவை இவை. கடித்த வாயோடு தலையைக் கீழேயும் பின்னேயும் இழுக்கும் விலங்குக்கு இந்தத் தசைகள் எவ்வளவு முக்கியம் என்பது அவை ஒட்டும் இடங்களைப் பார்த்தாலே விளங்கும்.

கணினி சொன்னது

2008-இல் கரேன் மொரேனோ, ஸ்டீபன் ரோ, டொமினிக் டி'அமோர் உள்ளிட்டோர் கொமோடோ உடும்பின் மண்டையோட்டைக் கணினியில் எழுப்பினார்கள். சி.டி. ஸ்கேனிலிருந்து எலும்பின் வடிவத்தையும், அறுத்துப் பார்த்ததிலிருந்து தசைகளின் திசையையும், உயிருள்ள விலங்குகளிலிருந்து கடி, இழுப்பு விசைகளையும் எடுத்துக்கொண்டார்கள். பிறகு மண்டையோட்டை மிக நுண்ணிய துணுக்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு தகைவு, அதாவது விசையால் உள்ளே எழும் இறுக்கம், ஏறுகிறது என்று கணக்கிட்டார்கள். பாலங்களையும் விமானங்களையும் வடிவமைக்கும் பொறியாளர்கள் கையாளும் முறை இது.

முதலில் தாடைத் தசைகளை மட்டும் இயக்கினார்கள். மண்டையோட்டில் தகைவு ஏறியது; அதில் வியப்பில்லை. அடுத்து அதோடு கழுத்தின் இழுப்பு விசையையும் சேர்த்தார்கள். பொதுவாக விசையைக் கூட்டினால் தகைவும் கூட வேண்டும். இங்கே நேர்மாறாக மண்டையோட்டின் ஒட்டுமொத்தத் தகைவு வெகுவாகக் குறைந்தது.

இந்த ஒரு முடிவுக்காகவே அந்த ஆய்வை மறுபடி மறுபடி படிக்கலாம். தாடைத் தசை இழுக்கும்போது மெலிந்த நீண்ட மூக்கு வளையப் பார்க்கிறது. இரையில் பதிந்த பற்களைக் கழுத்து பின்னுக்கு இழுக்கும்போது மண்டையோடு நீளவாக்கில் இழுபடுகிறது. முதல் வளைவை இரண்டாவது இழுப்பு பெருமளவு ஈடுகட்டுகிறது என்றே நான் புரிந்துகொள்கிறேன். எலும்பின் உள்ளமைப்பும் வெளி வடிவமும் இந்தக் கூட்டுச் சுமைக்கு ஏற்றபடி இருக்கின்றன என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். கழுத்தோடு சேர்ந்து இயங்கும்போதுதான் அந்த மண்டையோடு முழு வலுவோடு இருக்கிறது. தனியே கழற்றி வைத்து அதன் கடியை முதலையோடு ஒப்பிடுவது அதற்குச் செய்யும் அநீதி.

உயிருள்ள விலங்கு சொன்னது

கணினி மாதிரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் விலங்கைக் கேட்டாக வேண்டும். டி'அமோர் இரண்டு வழிகளில் கேட்டார். முதலாவது, 2009-இல் ராபர்ட் புளூமென்ஷைனோடு சேர்ந்து, உயிரியல் பூங்காவில் கொமோடோ உடும்புகளுக்கு ஆட்டு உடல்களைக் கொடுத்து, தின்று முடித்த பின் எஞ்சிய எலும்புகளை ஆராய்ந்தது. அவற்றில் பற்குழிகளும் துளைகளும் மிகக் குறைவு. பெரும்பான்மை, மெல்லிய நீண்ட கீறல்கள். அவற்றில் பல வில்போல் வளைந்திருந்தன. பற்கள் பதிந்த நிலையில் தலை உட்பக்கமாகச் சுழன்று பின்னுக்கு வந்த பாதையைத்தான் அந்த வளைவுகள் காட்டுகின்றன. ஒரு பக்கத் தசைகள் சுருங்கிய நொடி எலும்பின்மேல் கோடாகப் பதிந்திருக்கிறது. தசையின் இயக்கம் இப்படி எழுத்துப்போல் பதிவாவது அரிது.

இரண்டாவது, 2011-இல் மொரேனோ, மெக்ஹென்றி, ரோ ஆகியோருடன் சேர்ந்து விசைமானிகளைக் கொண்டு கடியையும் இழுப்பையும் நேரடியாக அளந்தது. கடியின் விசை உடல் எடையோடும் நீளத்தோடும் ஏறியது. ஆனால் உடல் எடைக்குக் கணக்கிட்டால் மற்ற முதுகெலும்பிகளைவிடக் குறைவு. இழுப்பு விசை உடலின் மொத்த நீளத்தோடு மிக நெருக்கமாகச் சேர்ந்து ஏறியது. தலையின் நீளமோ அகலமோ உயரமோ இரண்டோடும் சரியாகப் பொருந்தவில்லை. இழுக்கும்போது கழுத்தோடு கால்களும் சேர்ந்துகொண்டன. பின்னோக்கியும் கீழ்நோக்கியும் இழுக்கையில் விசை கூடியது.

தலையின் அளவு பொருந்தவில்லை என்பதை எளிதாகக் கடந்துவிடக் கூடாது. மற்றப் பல்லிகளில் தலையைப் பார்த்தே கடியைச் சொல்லிவிடலாம். 1971-இல் அட்ரியாட்டிக் கடலின் போட் கோபிஸ்டே என்ற சிறு தீவிலிருந்து ஐந்து ஜோடி இத்தாலியச் சுவர்ப்பல்லிகளை அருகிலுள்ள போட் மிர்ச்சாரு தீவில் விட்டார்கள். 36 ஆண்டுகளுக்குப் பின் அந்தோனி ஹெரெலும் குழுவினரும் எழுதிய ஆய்வு, அவற்றின் வழித்தோன்றல்கள் தாவர உணவுக்கு அதிகம் மாறியிருந்ததையும், தலை நீண்டு, அகன்று, உயர்ந்திருந்ததையும், கடி வலுத்திருந்ததையும் காட்டியது. அங்கே பிரச்சினைக்குத் தீர்வு தாடைத் தசையில் கிடைத்தது. கொமோடோ உடும்பு அந்தத் தீர்வைத் தலைக்கு வெளியே வைத்திருக்கிறது.

நஞ்சும் பற்களும்

வாயிலுள்ள கிருமிகளே இரையைக் கொல்கின்றன என்ற எண்ணம் ஆஃபன்பெர்க்கின் காலத்திலிருந்து பரவியது. 2009-இல் பிரையன் ஃப்ரையும் குழுவினரும் கீழ்த்தாடையில் நஞ்சுச் சுரப்பிகள் இருப்பதையும், அந்த நஞ்சு இரத்தம் உறைவதைத் தடுத்து இரத்த அழுத்தத்தைக் குறைப்பதையும் காட்டினார்கள். 2013-இல் உடும்பின் வாயை ஆராய்ந்த ஆய்வு, அங்கே மற்ற ஊனுண்ணிகளிடம் இல்லாத விசேஷக் கிருமி எதுவும் இல்லை என்றது. நஞ்சு எவ்வளவு பங்காற்றுகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. எப்படி இருந்தாலும், நஞ்சு உள்ளே போகப் புண் வேண்டும். ஃப்ரையின் ஆய்வும் கடி, நஞ்சு இரண்டையும் ஒரே கருவியின் பாகங்களாகத்தான் பார்க்கிறது. புண்ணை ஆழமாக்குவது கழுத்து.

கழுத்தின் இழுப்புக்கு ஏற்ற கூர்மை பற்களில் இருக்கிறது. பக்கவாட்டில் தட்டையாகவும் பின்னோக்கி வளைந்தும் இருக்கும் அவற்றின் விளிம்பில் ரம்பப் பற்கள் உண்டு. தக்காளியின்மேல் கத்தியை வைத்து அழுத்தினால் நசுங்கும், இழுத்தால் அறுபடும். ரம்ப விளிம்புக்கு அந்த இழுப்பு இன்னும் அவசியம். 2024-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த ஆரோன் லெப்ளாங்க் தலைமையிலான குழு, இந்த ரம்ப விளிம்பிலும் பல் நுனியிலும் இரும்புச்சத்து செறிந்த ஆரஞ்சு நிறப் பூச்சு இருப்பதைக் கண்டறிந்தது. இவ்வுடும்பின் பல் எனாமல் மெலிந்தது; அறுக்கும் விளிம்பு தேயாமல் காக்க அந்த இரும்பு உதவுகிறது என்கிறார்கள்.

குட்டியும் பெரியதும்

முட்டையிலிருந்து வெளிவரும் கொமோடோ உடும்பு ஏறக்குறைய 100 கிராம் எடையோடு நேராக மரமேறிவிடுகிறது. பெரிய உடும்புகள் தரையில் உலவும்வரை அதற்குக் கீழே இடமில்லை. தன் இனத்தாரே அதைத் தின்றுவிடுவார்கள். பூச்சியும் மரப்பல்லியும் அதற்குப் போதும். அந்த உணவை வாயில் எடுத்ததும் விழுங்கலாம். இழுத்து அறுக்க வேண்டியதே இல்லை. அதன் கழுத்துக்கு இழுக்கும் நீளமும் இல்லை.

எடை 20 கிலோவை நெருங்கும்போது உணவு மாறுகிறது. மான், பன்றி, எருமை ஆகியவை பட்டியலில் ஏறுகின்றன. பல ஆண்டுகளாகத் தேசியப் பூங்காவில் எடுத்த கணக்குகள் இந்த மாற்றத்தைத் தெளிவாகக் காட்டுகின்றன. இழுப்பு விசை உடல் நீளத்தோடு ஏறுகிறது என்ற 2011-இன் முடிவை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காரணம் புரிகிறது: பெரிய இரையைத் துண்டு துண்டாக அறுக்கும் வலிமை, தாடை பருப்பதால் வராமல், கழுத்தும் உடலும் நீள்வதால் வருகிறது.

உயிரியல் பூங்காக்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இறைச்சியைக் கைப்பிடி அளவுக்கு வெட்டித் தட்டில் வைத்தால், அந்த விலங்கு வெறும் தாடையால் தின்றுவிடும். பின்மண்டை நீட்சியில் ஒட்டும் தசைக்கும், கழுத்தெலும்பின் அடிமுனைகளிலிருந்து ஓடும் தசைக்கும், ஊன்றி இழுக்கும் முன்னங்கால்களுக்கும் வேலையே இருக்காது. முழு உடலாகவோ, எலும்போடு கூடிய பெரிய துண்டாகவோ கொடுத்து, அதை அசையாமல் கட்டிவைத்தால், உடும்பு கால்களை ஊன்றி, தலையை உட்புறம் சுழற்றி, பின்னுக்கும் கீழுக்குமாக இழுத்துத் தின்னும். சில பூங்காக்கள் ஏற்கெனவே அப்படித்தான் உணவளிக்கின்றன. மற்றவையும் செய்ய வேண்டும்.